வீண் அலைச்சல்

வேலை செய்து களைப்பது வேறு, அலைந்து களைப்பது வேறு. நாள் முழுக்க நாற்று நட்டவருக்கு இடுப்பு வலித்தாலும் நட்ட வயல் கண்ணெதிரே இருக்கிறது. ஒரு சான்றிதழுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு வீடு திரும்புகிறவருக்கு மிஞ்சுவது பஸ் டிக்கெட்டும் ஜெராக்ஸ் தாள்களும்தான். அன்றைய கூலியும் போயிருக்கும்.

சிரமம் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று எடுப்பது தொல்லைதான், ஆனால் அது வாங்குகிறவரைக் காப்பாற்றுகிறது. யாரையும் காப்பாற்றாத தொல்லைகளும் இருக்கின்றன. மதிப்பெண் பட்டியலின் நகலில் கெஜட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து வேண்டும் என்று பல தலைமுறைகள் அலைந்தன. தெரிந்த தலைமையாசிரியர் உண்டா, அரசு டாக்டர் உண்டா என்று விசாரித்து, அவர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்தவர் யாருமில்லாத வீட்டுப் பிள்ளைதான் அதிகம் அலைந்தது. 2014-ல் மத்திய அரசு சுயசான்றே போதும் என்பதைப் பரவலாக்கியது. அதனால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அசலைக் கடைசியில் எப்படியும் வாங்கிப் பார்க்கத்தானே செய்கிறார்கள்! இத்தனை வருடம் அந்தக் கையெழுத்து எதற்காக என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பமேலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 2018-ல் இப்படிப்பட்ட அலைச்சலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். என்னென்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு பாடு, அதையெல்லாம் சேர்த்துக் கொடுக்க ஒரு பாடு, இவற்றுக்கிடையே மனம் படும் பாடு என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். மூன்றாவதை நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாங்கள் உயிரோடிருப்பதாக வருடந்தோறும் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் தர வேண்டும். ஒரு சேவை மையத்தில் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஒரு அம்மாள் ரேகைக் கருவியில் விரலை வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்த்தே ரேகை மழுங்கிப்போன விரல். கருவி ஏற்கவில்லை. "தலையில லேசா தேய்ச்சுட்டு வைங்கம்மா" என்றார் அங்கிருந்த பையன். எண்ணெய்ப் பசைக்காகத் தலையில் தேய்த்து, முந்தானையில் துடைத்து, மறுபடி வைத்தார். அதற்கும் ஏற்கவில்லை. "இன்னொரு விரலைப் பாரு தம்பி" என்று அவர் சொன்ன குரலில் கெஞ்சல் இருந்தது. அந்தப் பையனிடம் கடுமை எதுவும் இல்லை, பொறுமையாகத்தான் இருந்தார். ஆனாலும் உயிரோடு எதிரே நிற்கிற மனுஷி, தான் உயிரோடிருப்பதற்காகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

சரிபார்க்கும் வேலையை அலுவலகம் செய்யாவிட்டால் அது மறைந்துவிடுவதில்லை. கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவர் அதைச் சுமக்கிறார். அப்படி நிற்பவர்களிலும் மூட்டுவலிக்காரரும் தினக்கூலிக்காரரும் எழுதப் படிக்கத் தெரியாதவரும்தான் அதிகம் சுமக்கிறார்கள். காசு உள்ளவர் ஆள் வைத்து முடித்துக்கொள்வார். இடைத்தரகர் பிழைப்பதே இந்த அலைச்சலை நம்பித்தான்.

இதைக் குறைக்க முடியும் என்பதற்கு அந்த வாழ்நாள் சான்றிதழே சாட்சி. 2014 நவம்பரில் அது கணினிக்கு வந்தது, 2021-ல் விரலுக்குப் பதில் முகத்தைக் காட்டினாலும் போதும் என்றானது. கட்டணம் கொடுத்தால் தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிந்து தருகிறார். எண்பது வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். நல்ல ஏற்பாடுகள்தான், ஆனால் இவையெல்லாம் இருக்கின்றன என்ற செய்தி அந்த அம்மாளிடம் போய்ச் சேரவில்லை. பென்ஷன் போடுகிற இடத்தில் அவருடைய வயதும் முகவரியும் இருக்கின்றன. அக்டோபரில் தமிழில் ஒரு கடிதம் போட்டிருந்தால் தபால்காரர் வீட்டுக்கே வந்திருப்பார்.