ரெடொண்டேலாவில் சேரும் இரண்டு வழிகள்

போர்ச்சுகலின் போர்த்தோ நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ பேராலயத்துக்கு நடந்து போக இரண்டு வழிகள். உள்நாட்டு வழி பார்செலோஸ், பொந்தெ தெ லிமா ஊர்களைத் தொட்டுச் செல்கிறது; ஏறக்குறைய 240 கிலோமீட்டர். கடலோர வழி வியானா தொ காஸ்தெலோ, வீகோ என்று வளைந்து இன்னும் 30, 40 கிலோமீட்டர் கூடுதலாகப் போகிறது. இரண்டும் ரெடொண்டேலாவில் சேர்ந்துவிடும்.

நண்பனுக்குக் கடல் வேண்டும். எனக்கு உள்நாட்டு வழிதான் "அசல்". "பலகைப் பாதையில கடல் பார்த்துக்கிட்டுப் போறதுக்குப் பேரு யாத்திரையா?" என்று கேட்டுவிட்டேன். "அப்ப நீ கஷ்டப்படத்தான் வந்தியாடா?" என்றான். போர்த்தோவிலேயே பிரிந்தோம். என் வழிதான் தூரம் குறைவு என்பதை அப்போது வசதியாக மறந்திருந்தேன்.

அசல் என்று எதைச் சொல்கிறோம்? இந்த யாத்திரைகளின் அடையாளமான மஞ்சள் அம்புகளையே 1980களில்தான் எலியாஸ் வலின்யா என்ற பாதிரியார் வரையத் தொடங்கினார். இடைக்கால யாத்திரிகன் தன் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டான். பார்செலோஸில் இருந்தவன் உள்நாட்டு வழியே போனான். வியானாவில் இருந்தவன் கரையை ஒட்டிப் போயிருப்பான். வீடு இருந்த இடமே வழியை முடிவு செய்தது. விமானத்தில் வந்து இறங்கிய எனக்குத்தான் தேர்வு செய்யும் சிக்கல், அதோடு சேர்ந்த கர்வமும்.

பொந்தெ தெ லிமாவைத் தாண்டியதும் லப்ரூஜா ஏற்றம் வரும். கல்லும் வேருமான பாதை. மூச்சு வாங்க ஏறும்போது கவனித்தேன்: இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தேன். பத்துமலைக்கு வருஷா வருஷம் பால்குடம் எடுக்கும் அத்தை ஞாபகத்துக்கு வந்தார். பக்கத்தில் அலகுக் காவடி போகும். தன் நேர்த்திக்கடன் அதைவிடச் சின்னது என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை.

கஷ்டத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். உடம்பு களைத்தால் மனசின் சத்தம் குறைவது உண்மை. ஆனால் வேண்டுமென்றே தேடி எடுத்த கஷ்டத்தை யாரிடமாவது காட்டாமல் இருப்பது சிரமம்.

ரெடொண்டேலாவில் அவன் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து, கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"கடல் எப்படிடா?"

"மூணு நாள் மழை, மச்சான். ஒண்ணுமே தெரியல." சிரித்தான். "உன் பக்கம் ஏத்தம் ரொம்பக் கஷ்டமாமே?"

லப்ரூஜாவில் எழுதிய வாக்கியங்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

"மேல நல்லா குளிர்ச்சியா இருந்துச்சு," என்றேன்.