அவள் மொழியிலேயே

நீலகிரியின் ஓவேலியில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ முடித்ததும், "எந்த வேலைக்குச் சம்பளம் அதிகம்?" என்றுதான் முதலில் கேட்கிறது. நியாயமான கேள்வி. மழையில் நனைந்த தாயின் விரல்களில் தேயிலைக் கறையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறெதைக் கேட்கும்? கூடவே, பக்கத்துக் கூடலூரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். அறுவை சிகிச்சை மருத்துவர் நந்தகுமார் மேனனும் மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் அமெரிக்காவை விட்டு வந்து பணியாற்றிய ஊர் அது. 1990-இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களையே செவிலியராக்கினார்கள். என்னை நெகிழவைப்பவர்கள் அந்தச் செவிலியர்கள்தான். பிரசவ வலியோடு பயந்து கிடக்கும் பணியர் பழங்குடிப் பெண்ணின் கையைப் பிடித்து, அவள் மொழியிலேயே "எங்கே வலிக்கிறது?" என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறது.