சொன்னவன் பெயர்

மெயின்ஃப்ரேம் கணினியோடு வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அந்த இயந்திரத்தைத் தொட்டதே கிடையாது. இருபது ஆண்டுகளாக அதை நம்பிப் பிழைக்கும் நானும் அதை நேரில் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குளிரூட்டிய அறை, பூட்டிய கதவு, பீரோ உயரத்தில் கறுப்புப் பெட்டிகள், இடைவிடாத விசிறி இரைச்சல். அவ்வளவுதான். எங்களுக்கு அந்த இயந்திரம் என்றால் ஒரு திரை. ஹார்ட்வேர் மேனேஜ்மென்ட் கன்சோல் என்பது அதன் முழுப்பெயர், எச்.எம்.சி. என்போம்.

ஒரு மெயின்ஃப்ரேமுக்குள் பல பார்ட்டிஷன்கள் இருக்கும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்துக்கொண்டு ஓடும். ஒன்றில் வங்கியின் உண்மையான கணக்குகள், பக்கத்து பார்ட்டிஷனில் புரோகிராமர்களின் சோதனைகள். இவற்றை எழுப்புவதும் நிறுத்துவதும், இயங்குதளத்தை ஏற்றுவதும் எச்.எம்.சி. வழியாகத்தான். உலாவி வழியாகவும் அதைத் திறக்கலாம். அதனால் இயந்திரம் டொராண்டோவுக்கு வெளியே இருக்க, அதை இயக்குபவர் சென்னையில் இருக்கலாம். எங்கள் தொழிலில் கடந்த இருபது ஆண்டுகளின் கதை ஏறக்குறைய இதுதான்.

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 இன்றைய மெயின்ஃப்ரேமின் நேரடி மூதாதை. அதன் முகப்பில் விளக்குகளும் திருகு குமிழ்களும் லோட் என்ற பொத்தானும் இருந்தன. எந்தச் சாதனத்திலிருந்து ஏற்றவேண்டும் என்று குமிழ்களைத் திருப்பிவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தவேண்டும். இன்றைய திரையிலும் அந்த வேலைக்குப் பெயர் லோட்தான். பழைய முகப்பில் இன்னொன்றும் இருந்தது, அவசரத்தில் பிடித்து இழுப்பதற்கு ஒரு பிடி. இழுத்தால் மின்சாரம் போய்விடும். இழுத்தது வெளியிலேயே நின்றுகொள்ளும். பராமரிப்புப் பொறியாளர் வந்துதான் அதை உள்ளே தள்ளமுடியும். இழுத்தவர் அவர் வரும்வரை அங்கேயே நிற்கவேண்டும். வருபவர்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

இன்று முகம் இல்லை, கடவுச்சொல் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனை நிறுத்தச் சொன்னால் எச்.எம்.சி. உடனே நிறுத்திவிடாது. ஓர் எச்சரிக்கைச் சாளரம் வரும். எந்தப் பார்ட்டிஷன், அதன் நிலை என்ன, நிறுத்தினால் என்ன பாதிப்பு என்று அதில் எழுதியிருக்கும். கீழே, இன்ன பயனருடைய கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு 'ஆம்' என்று அழுத்து என்று கேட்கும். முன்பெல்லாம் ஒரே பயனர் பெயரில் நான்கைந்து பேர் நுழைவது சாதாரணம். தணிக்கையாளர்கள் வந்து அவரவர் பெயரில்தான் நுழையவேண்டும் என்றார்கள். யார் செய்தது என்பது பதிவில் சந்தேகமில்லாமல் நிற்கவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நல்ல நோக்கம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாத ஞாயிறு. எனக்கு அதிகாலை இரண்டு மணி, சென்னையில் காலை பதினொன்றரை. ஒரு வங்கியின் சோதனைப் பார்ட்டிஷனுக்குக் கூடுதல் நினைவகம் கொடுக்கவேண்டும். அதை நிறுத்தி, புதிய அமைப்போடு எழுப்பவேண்டும். பத்து நிமிட வேலை. திரைக்கு முன்னால் இருந்தது சென்னைத் தம்பி ஒருவர். அந்த வங்கியின் வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நான் வீட்டுச் சமையலறை மேசையில் குறிப்பேட்டோடும் தொலைபேசியோடும் இருந்தேன். இன்னொரு காதில் இன்னொரு அழைப்பு.

அந்த வங்கியில் பார்ட்டிஷன் பெயர்களில் எது அசல், எது சோதனை என்ற அடையாளம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துகள், கடைசியில் ஓர் எண். சோதனைக்கு ஐந்து, அசலுக்கு நான்கு. போன வாரம் அசலில் வேறு ஒரு வேலை நடந்தது. அதற்காக எழுதிய பக்கம்தான் என் குறிப்பேட்டில் திறந்திருந்தது. நான் நான்கு என்று சொன்னேன்.

"நாலுதானே அண்ணா?"

"ஆமா, நாலு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அண்ணா, இதுல ஆப்பரேட்டிங்னு காட்டுது. ஷட்டவுன் ஆயிடுச்சுன்னு சொன்னீங்களே?"

இந்த இடத்தில்தான் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். முறையாக மூடப்பட்ட சிஸ்டம் 'இயங்கவில்லை' என்றுதான் காட்டும். அது எனக்குத் தெரியும். திரை சரியான கேள்வியைக் கேட்டுவிட்டது. தம்பியும் அதை எனக்குச் சொல்லிவிட்டார். இரண்டு முறை கதவு தட்டப்பட்டது.

"சில நேரம் அப்படித்தான் காட்டும். ஸ்க்ரீன் ரெஃப்ரெஷ் ஆகியிருக்காது. குடுங்க தம்பி."

"சரிண்ணா."

கடவுச்சொல் தட்டும் ஓசை தொலைபேசியில் கேட்டது.

அசல் பார்ட்டிஷன்களில் தவறுதலாகக் கை படாமல் இருக்க ஒரு பூட்டு வசதியும் உண்டு. போன ஞாயிறு வேலைக்காகத் திறந்தவர்கள் திரும்பப் பூட்டவில்லை. ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு அந்த வங்கியின் கணக்குகள் இருளில் இருந்தன. பாதியில் நின்ற பரிவர்த்தனைகளைப் பதிவுகளை வைத்து மீட்டு, எல்லாவற்றையும் எழுப்பினோம். எந்தக் கணக்கிலும் ஒரு சதம்கூடத் தொலையவில்லை. ஆனால் அந்த அதிகாலையில் எங்கோ ஒரு பெட்ரோல் நிலையத்திலோ இரவு மருந்துக் கடையிலோ அட்டையை நீட்டியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களை நினைத்து நான் பல இரவுகள் தூங்கவில்லை. பெயர் தெரியாதவர்களுக்காக வருந்துவதில் ஒரு வசதி இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அவர்களிடம் போய் எதையும் சொல்லவேண்டியதில்லை. பெயர் தெரிந்த ஒருவர் இருந்தார். அவரிடம் சொல்லவேண்டியது இருந்தது.

திங்கட்கிழமை விசாரணைக் கூட்டம். இப்போது எங்கள் துறையில் யாரையும் குற்றம் சாட்டாமல் ஆராய்வதுதான் நாகரிகம். நல்ல நாகரிகம். மேலாளர் மென்மையாகவே கேட்டார்: தவறான பார்ட்டிஷன் எப்படித் தேர்வானது? இரண்டு மூன்று விநாடி யாரும் பேசவில்லை. பிறகு சென்னையிலிருந்து தம்பியின் குரல் ஆங்கிலத்தில் வந்தது. தான் எண்ணை மாற்றிக் கேட்டிருக்கலாம் என்றார்.

என் மைக் மியூட்டில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

எச்.எம்.சி. பதிவில் அவர் பெயர் இருந்தது, நேரம் இருந்தது, செய்த காரியம் இருந்தது. பொய் ஒன்றுகூட இல்லை. அறிக்கை ஒரே வரியில் முடிந்தது. அவருடைய கன்சோல் அனுமதி பறிக்கப்பட்டது. இரவில் வேலைகள் ஓடுவதை வேடிக்கை பார்க்கும் பணிக்கு மாற்றினார்கள். ஓர் ஆண்டுக்குள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று பரிந்துரைகள் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பெயர்களை மாற்றவேண்டும், பூட்டைச் சரிபார்க்கவேண்டும் என்று எழுதினேன். நன்றி சொன்னார்கள். ஒப்பந்தம் நீண்டது.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள் பலவீனமானவை அல்ல. ஒப்பந்தக்காரனான என்னை ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். அவர் பெரிய நிறுவனத்தின் ஊழியர், அவருக்கு வேலை போகாது. என் தலைக்குமேல் வீட்டுக் கடன். அவர் கைதானே அழுத்தியது, அவரும் மறுத்திருக்கலாமே. இந்தக் கடைசி வாதம்தான் நெடுநாள் என்னைக் காப்பாற்றியது. கையெழுத்துப் போட்டவனுக்குப் பொறுப்பு உண்டு என்பது உண்மைதானே?

ஒரு குளிர்காலத்தில், இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரக் கதை சொல்லும் முறை எனக்கு வந்தது. ஊடியிருக்கும் தேவியைத் தேடி அரசன் போய்க்கொண்டிருக்கிறான். பொற்கொல்லன் குறுக்கே வந்து, சிலம்பைத் திருடியவன் கிடைத்துவிட்டான் என்கிறான். அரசன் நின்று விசாரிக்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறான். காவலர்கள் கோவலனைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் முகம் திருடன் முகமாக இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் அவர்கள் தயக்கத்தைப் பேசியே கரைக்கிறான். கடைசியில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

வகுப்பில் ஒரு பத்து வயதுப் பெண் கேட்டாள்: "வெட்டின ஆள ஏன் யாரும் தேடல?"

நான் பதில் சொல்லத் தடுமாறினேன். வாளை வீசியவனுக்குக் கதையில் பெயர்கூட இல்லை. கண்ணகி அவனைத் தேடிப் போகவில்லை, அரசவைக்குத்தான் போனாள். அரசனும், நான் வெட்டவில்லையே, வெட்டியவனைக் கேள் என்று சொல்லவில்லை. தானே கள்வன் என்று சொல்லி அங்கேயே விழுந்து இறந்தான். காவலர்களின் தயக்கத்தை அவன் கேட்டதுகூட இல்லை. நான் கேட்டேன். தயங்கியவரிடம் ரெஃப்ரெஷ் ஆகவில்லை என்று சொன்னவன் நான். அந்தக் கதையில் எனக்கு அரசன் வேடமும் பொற்கொல்லன் வேடமும் சேர்ந்தே கிடைத்திருந்தன.

வெட்டியவனுக்குப் பங்கில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. தம்பி தன் கடவுச்சொல்லைத் தட்டினார். அந்தப் பங்கு அவருடையது, அதை அவர் உடனே ஏற்றும்கொண்டார். பிரச்சினை என் பங்கில். கடவுச்சொல் நிரூபிப்பது ஆள் யார் என்பதை மட்டும். அவர் என்ன நம்பினார், யாரை நம்பினார் என்பது எந்தப் பதிவிலும் ஏறாது. கடலுக்கு இந்தப் பக்கம் சொல்பவர்கள், அந்தப் பக்கம் அழுத்துபவர்கள் என்று எங்கள் தொழில் பிரிந்துவிட்டது. அழுத்தியவரின் பெயர் தானாகப் பதிவாகிறது. சொன்னவர் தானே முன்வந்து சொன்னால்தான் உண்டு.

நாங்கள் ஆங்கிலத்தில் பேசியிருந்தால் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்திருப்பார். இன்னொரு முறை கேட்டிருக்கக்கூடும். தமிழில் பேசினோம். அண்ணா என்றார், தம்பி என்றேன். ஊரைவிட்டு வந்தவனுக்கு நடு இரவில் அந்தச் சொல் எவ்வளவு இதம் என்று இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தச் சொல்லின் பாரம் முழுவதையும் அவர் சுமந்தார்; அதன் இதம் எனக்கு வந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து அவர் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தேன். நான்தான் நான்கு என்று சொன்னேன் என்றேன்.

"தெரியும்ணா. நீங்க சொன்னதப் பேப்பர்ல எழுதி வச்சிருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்தேன். அப்புறம் நான் சொன்னா உங்க மேல பழி போட்ட மாதிரி ஆயிடும்ல?"

கூட்டத்தின் அந்த இரண்டு மூன்று விநாடிகள். அவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணா" என்றார். அது மன்னிப்பா, களைப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததைச் சொன்னார். அன்றிரவே பழைய மேலாளருக்கும் சென்னையில் அவருக்கு மேலிருந்தவருக்கும் நடந்ததை எழுதினேன். ஒருவரிடமிருந்து பதில் வந்தது: அந்தக் கோப்பு மூடப்பட்டுவிட்டது, திருத்த வழியில்லை. நாகரிகமான கடிதம்.

இப்போது நான் எழுதும் வேலைத் திட்டங்களில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: இந்த உத்தரவைச் சொன்னவர். அதில் என் பெயரை முதலிலேயே எழுதிவிடுகிறேன். திரைக்கு முன்னால் இருப்பவர் தயங்கினால் வேலை நிற்கும் என்பது இன்னொரு வரி.

போன மாதம் சென்னையில் ஒரு தங்கை, பார்ட்டிஷனின் நிலை தனக்குப் புரியவில்லை என்றார். நான் சொன்னது சரி என்று எனக்கு உறுதியாகத் தெரியும். நிறுத்தச் சொன்னேன். முதலிலிருந்து சரிபார்த்தோம். நான் சொன்னதுதான் சரி. ஆனால் அதற்குள் எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் முடிந்துவிட்டது. வேலை நடக்கவில்லை. அடுத்த ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு மறுபடி உட்கார்ந்தோம்.