கூரைக்குள் ஒரு கைப்பிடிச்சுவர்

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், பறவைக்கூட்டைப் பற்றிய கட்டளைக்கும் திராட்சைத் தோட்டத்தில் வேறு விதை கலக்காதே என்ற கட்டளைக்கும் நடுவில், எட்டாம் வசனமாக ஒரு கட்டடச் சட்டம் இருக்கிறது. புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டு ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். இந்த வசனத்தில் யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. லண்டனின் வடமேற்கே ஹாரோ, வெம்பிளிப் பக்கம் வீடுகளுக்கு மின்வேலை செய்து பிழைக்கிற எனக்கோ, வேதாகமம் முழுவதிலும் என் கைவேலையை நேராகப் பார்த்துப் பேசுகிற வசனம் இதுதான்.

விழுந்தவன் யார் என்று இந்தச் சட்டம் கேட்கவில்லை. குடித்துவிட்டு ஏறினானா, திருட வந்தானா என்ற விசாரணையும் இல்லை. யாரும் விழுவதற்கு முன்பே, விழப்போகிறவனின் பெயரே தெரியாதபோது, கட்டுகிறவனைப் பார்த்துப் பேசுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதை மாடியோடு நிறுத்தவில்லை. முற்றத்துக் கிணறு, குழி, உயிருக்கு ஆபத்தான எதுவானாலும் அதே கடமைதான் என்று விரித்தார்.

நான் வேலை செய்யும் இடத்தில் கிணறு இல்லை, லொஃப்ற் இருக்கிறது. இந்தப் பக்கத்து வீடுகளில் ஏராளமானவை 1930களில் கட்டியவை. ஓட்டுக் கூரைக்கும் மேல்மாடிச் சீலிங்குக்கும் இடையில் குனிந்து ஊர்கிற அளவு இருட்டு இடம். குளிர் கீழே இறங்காமல் இருக்க மரச்சட்டங்களுக்கு இடையிலும் மேலும் கண்ணாடி நார்ப் பஞ்சை விரிப்பார்கள். இந்நாட்டில் இன்று சொல்லப்படும் கனம் 270 மில்லிமீற்றர். கீழே அறையில் இருப்பவருக்கோ சீலிங்கில் பதித்த வட்ட ஸ்பொட்லைற் வேண்டும். அதற்குச் சீலிங்கில் துளை போட வேண்டும். துளைக்கு மேலே பஞ்சு. கேள்வி முழுவதும் அந்த ஓர் அடிக்குள் இருக்கிறது.

பஞ்சு எரியாது. கண்ணாடி நாரும் பாறை நாரும் தீப்பிடிக்காதவை என்பதால்தான் பலரும் பயமில்லாமல் லைற்றின் தலையில் அதைப் போர்த்திவிடுகிறார்கள். ஆனால் அது சூட்டை வெளியே விடாது, அதற்காகத்தானே வாங்கினோம். பழைய 50 வாற் ஹலோஜன் பல்புகளில் ஒருவகை, வெளிச்சத்தை மட்டும் கீழே அனுப்பிச் சூட்டின் பெரும்பகுதியைப் பின்பக்கமாக மேலே தள்ளும்படியே செய்யப்பட்டது. மேலே போகும் சூடு போர்வைக்குள் சிக்கி, வயரின் உறையை நாளாக நாளாகப் பொரியவைத்து, பக்கத்து மரச்சட்டத்தைக் கருக்கும். இப்போதைய எல்ஈடி ஐந்தாறு வாற்தான், அபாயம் எவ்வளவோ குறைவு. என்றாலும் அதன் மின்மாற்றிக்கும் மூச்சு வேண்டும். மூடலாம் என்று செய்தவனே எழுதிக் கொடுத்த லைற்றைத்தான் மூடலாம். மூடக்கூடாதது என்றால், பஞ்சு போர்த்திய விளக்கின் படத்தைக் குறுக்கே வெட்டிய ஓர் அடையாளம் அதில் இருக்கும். அதைப் பார்க்காமலே லைற்றை மாட்டிவிடுவதுதான் வழக்கம்.

வயரிலும் கணக்கு உண்டு. சுவரில் திறந்தபடி ஓடும்போது 20 அம்பியர் தாங்கும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், அரை மீற்றருக்கு மேல் நாலாபுறமும் பஞ்சால் மூடப்பட்டால் 10 அம்பியர் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். லைற் சேர்க்கிட்டுக்கு 6 அம்பியர் போதும் என்பதால் அது தப்பிவிடும். அதே பஞ்சுக்குள் புதைந்து கிடக்கும் ஷவர் வயருக்கு அந்தக் கணக்குப் பொருந்தி வராது. லைற் போட ஏறுகிறவன் அதையும் தடவிப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

சனத்திடம் நான் ஓயாமல் திருத்துவது இன்னொன்று. பெட்டியில் தீத்தடுப்பு லைற், 90 நிமிடம் என்று அச்சிட்டிருந்தால் பஞ்சு போர்த்தலாம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த 90 நிமிடம் கீழே அறையில் பிடிக்கும் தீ சீலிங் துளை வழியாக மேலே ஏறாமல் இருப்பதற்கு. சூடு பட்டால் ஒரு பொருள் ஊதிப் பெருத்துத் துளையை அடைக்கும். லைற் தன் சூட்டைத் தானே எப்படிக் கழிக்கும் என்பதற்கு அதில் பதிலே கிடையாது. சரி, பஞ்சைச் சுற்றிவர வெட்டி எடுத்துவிடலாமே என்றால், அந்த இடம் குளிர்ந்து, குளியலறை நீராவி துளை வழியே ஏறிக் கூரை மரத்தில் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே லைற்றின்மேல் கவிழ்க்க ஒரு மூடி விற்கிறார்கள். பஞ்சு மூடியின் மேல் படியும், உள்ளே லைற்றுக்கு இடம் இருக்கும். எந்த லைற்றுக்கு எந்த மூடி என்பதை மட்டும் வாசித்து வாங்க வேண்டும். என் கைப்பிடிச்சுவர் அதுதான்.

இனி என்னை உறங்கவிடாத கேள்வி. ஒருவர் பஞ்சில்லாத லொஃப்றின் கீழே ஒழுங்காக லைற் போடுகிறார். அன்றைக்கு அதில் பிழையில்லை. சில வருடம் கழித்து இன்னொருவர் வந்து, ஒரு மூலையும் விடாமல் பஞ்சு விரிக்கிறார். அவருடைய தொழிலில் அது நேர்மை. இரண்டு நேர்மையும் சேர்ந்த இடத்தில் மரம் கருகுகிறது. பழி யார்மேல்?

இது கற்பனைக் கணக்கல்ல. அவுஸ்திரேலிய அரசு 2009இல் வீடுகளுக்குக் கூரைப் பஞ்சு இலவசம்போல் கொடுத்தது. பயிற்சி போதாத கைகள் அவசரத்தில் கூரைக்குள் ஏறின. பஞ்சு சூடான லைற்றுகளை மூடி வீடுகள் எரிந்தன. வேலை செய்யப்போன நான்கு இளைஞர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் வெக்கை தாங்காமல். 2010 பெப்ரவரியில் திட்டம் நின்றது. இயன் ஹேங்கர் தலைமையில் அரச விசாரணை ஆணைக்குழு அமைந்து 2014இல் அறிக்கை தந்தது.

என்னோடு வேலை பழகும் பெடியன் சைவக் குடும்பம், நன்றாக யோசிப்பவன். "அண்ணை, மனசிலை கெட்ட எண்ணம் இல்லாட்டி அது என்னெண்டு பாவமாகும்? ரெண்டு பேரும் நல்லதைத்தானே நினைச்சவை" என்று கேட்டான். எண்ணத்தை வைத்து மட்டும் பாவத்தை அளந்தால் அவன் சொல்வதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் கைப்பிடிச்சுவர்ச் சட்டம் எண்ணத்தைத் தொடவேயில்லை. மாடியில் விளிம்பு இருக்கிறது, மனிதர் நடப்பார்கள், இது உனக்குத் தெரியும். தெரிந்தவன் நீ, ஆகவே சுவர் உன்னுடையது. கூரைக்குப் பஞ்சு என்றைக்காவது வரும் என்று இந்த நாட்டில் மின்வேலை செய்கிற எவருக்கும் தெரியும். லைற் தலையில் பஞ்சு படக்கூடாது என்பது பஞ்சு விரிப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

லேவியராகமம் 19:14 குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்காதே என்று சொல்லி, உன் தேவனுக்குப் பயப்படு என்று முடிகிறது. விஷயம் தெரியாதவனும் இந்த இடத்தில் குருடன்தான் என்றார்கள் ரபீமார். வசனத்தின் முடிவில் தேவபயம் எதற்கு? பிரான்சில் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஷி சொன்ன விளக்கம் என்னைப் பிடித்து நிறுத்தியது. செய்தவன் மனதில் என்ன இருந்தது என்று மனிதருக்குத் தெரிய வராது, அவன் எதையாவது சொல்லித் தப்பலாம், ஆகவே கடவுள் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் ஏற்கெனவே உள்ள சேர்க்கிட்டில் ஓர் அறைக்கு லைற் சேர்ப்பதைப் பெரும்பாலும் எந்த அலுவலகத்துக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. ஏறிப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். நான் என்ன போட்டேன் என்பது 270 மில்லிமீற்றருக்குக் கீழே.

ஆகவே நான் ஒரு முடிவோடு வேலை செய்கிறேன். மேலே பஞ்சு இன்று இல்லாவிட்டாலும், மூடினாலும் தாங்கும் லைற் அல்லது மூடி. பக்கத்து மரச்சட்டத்தில் அழியாத மையால் என்ன லைற், எந்த வருடம், மூடலாமா கூடாதா என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வருவேன், அடுத்து ஏறுகிறவர் வாசிக்க. ஓர் அன்ரி சொன்னா: "தம்பி, நான் வீட்டை வித்துப்போட்டு மகளோடை போகப்போறன். மலிஞ்சதைப் போட்டுவிடுங்கோ." வாங்கப்போகிறவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே அன்ரி என்றேன். அவ ஒத்துக்கொண்டா. ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வேலையை விட்டிருப்பேன்.

கர்த்தர் காப்பார் என்பவர்களோடும் எனக்கு வாக்குவாதம் உண்டு. கர்த்தர் கட்டிக் காவாவிட்டால் மனிதனின் பிரயாசம் விருதா என்கிற 127ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் எங்கள் வீடுகளில் வாசலிலேயே தொங்குகிறது. அதை நம்பித்தான் நானும் ஏணி ஏறுகிறேன். காக்கிற கர்த்தர்தான் சுவரும் கட்டு என்றார். ஒன்றைத் தொங்கவிட்டு மற்றதை விட முடியாது.

எனக்கு இன்னும் தீராதது ஏற்கெனவே மூடிக் கிடப்பவை. ஒரு ஸ்விட்ச் மாற்றப் போன வீட்டில் பழைய ஹலோஜன் லைற்றைக் கண்டால், மேலே ஏறிப் பார்க்கட்டா, காசு வேண்டாம் என்று கேட்பேன். சிலர் சம்மதிப்பார்கள். வாடகைக்கு விட்டிருக்கும் சிலர் வேண்டாம் என்பார்கள். வாடகை வீட்டு மின்சாரத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று 2020இன் சட்டம் சொல்கிறது. சோதித்த தாளிலோ லொஃப்ற் பார்க்கப்படவில்லை என்று ஒரு வரி இருந்துவிடுவதுண்டு. எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தின்படி, காவற்காரன் எக்காளம் ஊதியும் கேட்டவன் அசட்டை பண்ணினால் பழி கேட்டவன் தலையில், காவற்காரன் தப்பினான். என் எக்காளத்தைக் கேட்டது வீட்டுக்காரர். அந்தச் சீலிங்கின் கீழே படுப்பது வாடகைக்காரரின் பிள்ளை. எசேக்கியேல் என்னை விடுவிக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இப்போது வாடகைக்கு இருப்பவரிடமும் சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். வீட்டுக்காரர் சிலருக்கு அது பிடிப்பதில்லை.