முதுமையும் மர்மக் கதையும்

லௌகிகக் கடமைகளிலிருந்து ஏறக்குறைய விடுபட்டு, கந்தர் அநுபூதியும் தாயுமானவர் பாடலும் கையிலிருக்க வேண்டிய பருவத்தில், கொலையும் சூழ்ச்சியும் நிறைந்த மர்ம நாவலை, அதிலும் நரைத்த தலையுடைய ஒருவர் துப்பறிந்து வெற்றி காணும் நாவலையே தேடிப் பிடித்து, நள்ளிரவுவரை படித்து இன்புறும் ஆஸ்திகர்கள் இந்தப் பழனியிலும் உண்டு. நானும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவனே. அடிவாரத்துப் பெரியவர்கள் சிலர் இதை ஒரு தோஷமாகவே கருதுகிறார்கள். உலகத்தை மறப்பதற்கு முருக நாமம் இருக்க, பொய்க்கதையின் துணை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதாகையால் அதைப் பரிகாசத்தால் தட்டிக்கழிப்பது முறையாகாது.

நாட்டியத்தின் பயனை விவரிக்குமிடத்தில் பரத முனிவர், துக்கத்தால் வாடுவோர், உழைப்பால் களைத்தோர், சோகத்தில் ஆழ்ந்தோர் ஆகியோருடன் தபஸ்விகளையும் சேர்த்து, இவர்கள் அனைவருக்கும் அது உரிய காலத்தில் விச்ராந்தி அளிக்கும் என்கிறார். காஷ்மீரத்து அபிநவகுப்தரோ இன்னும் ஆழமாகச் சென்று, ‘நான்’, ‘எனது’ என்னும் பற்று விலகிய நிலையில் சுவைக்கப்படும் பயமே பயானக ரஸமாகிறது என்று விளக்கினார். கொல்லைப்புறத்தில் காலடியோசை கேட்டால் நடுங்கிப்போகும் அதே மனிதன், நாவலில் வரும் காலடியோசைக்காக ஆவலோடு பக்கத்தைப் புரட்டுகிறான் என்றால், சிறிது நேரமேனும் அவன் தன்னை விட்டு நீங்கியிருக்கிறான் என்றே கொள்ளவேண்டும்.

கதாநாயகன் கிழவனாக இருக்க வேண்டுவது ஏன்? இளைஞனுக்குப் பெண்ணோ புகழோ பொருளோ வேண்டியிருப்பதால், அவன் பார்வையில் அவனுடைய ஆசையும் கலந்துவிடுகிறது. தனக்கென்று வேண்டுவது ஒன்றுமில்லாமல் ஓர் ஓரத்தில் அமர்ந்திருப்பவர்தாம் உள்ளதை உள்ளபடி காண்கிறார். 1930-இல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் நாவலில் தோன்றும் மிஸ் மார்ப்பிள், கம்பளி நூலைப் பின்னியபடியே ஊராரின் சுபாவங்களை எடைபோட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடும் முதிய கன்னிகை. செஸ்டர்டன் படைத்த பாதிரியார் பிரௌனோ, அந்தப் பாபத்தைத் தாமே செய்திருக்கக்கூடும் என்று தம் உள்ளத்துக்குள் இறங்கிப் பார்த்துக் கொலைகாரனை அடையாளம் காண்கிறார். வேதாந்திகள் யோசிக்க வேண்டிய முறை இது. நம்மவர்களும் இதை அறியாதவர்களல்லர். வடுவூர் துரைசாமி ஐயங்கார் தம் துப்பறிவாளருக்குத் திகம்பர சாமியார் என்று துறவியின் பெயரையே சூட்டினார். 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸார் அந்தக் கதையைப் படமாக்கியபோது எம். என். நம்பியார் அந்தப் பாத்திரத்தில் வேஷத்துக்குமேல் வேஷமாக மாற்றிக்கொண்டு வந்தார்.

பழனி மலைமேல் தண்டேந்தி ஆண்டியாக நிற்கும் பெருமானே தினைப்புனத்து வள்ளியிடம் விருத்தராகப் போனவர் அல்லவா? அவருடைய தந்தையாரின் கிழக்கோலமோ சாக்ஷாத் ஒரு வழக்கு நாடகம். சுந்தரருடைய மணப்பந்தலில் ஒரு முதிய வேதியர் புகுந்து, ‘நீ எனக்கு அடிமை’ என்று ஓலையைக் காட்டுகிறார். மணமகன் பிடுங்கிக் கிழித்தெறிய, கிழிந்தது படியோலைதான், மூலவோலை வேறே இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் மூலவோலையிலுள்ள சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையுடன் ஒப்புநோக்கிக் கிழவர் பக்கமே தீர்ப்பளிக்கிறார்கள். ‘உமது வீடு எது?’ என்று கேட்டபோது அவர் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார். சேக்கிழார் இங்கே தேக்கி வைத்திருக்கும் ஆவலை மிஞ்சும் மர்மக் கதையை நான் படித்ததில்லை.

ஆயினும் பரஞ்சோதி முனிவரின் பழியஞ்சின படலத்தை எண்ணும்போது என் கட்சி சற்றுத் தடுமாறுகிறது. ஆலமரத்தடியில் இளைப்பாறிய அந்தணர் மனைவி அம்பு பாய்ந்து மாண்டு கிடக்கிறாள்; அருகே வில்லுடன் ஒரு வேடன். சாக்ஷியம் முழுவதும் அவனுக்கு விரோதமாக இருந்தும் அவன் முகத்தில் கொலைக்குறி காணாத பாண்டியன், சோமசுந்தரக் கடவுளிடம் முறையிட்டு, அசரீரி சொன்னபடி ஒரு கல்யாண வீட்டில் ஒளிந்து நின்று யம தூதர்களின் பேச்சைக் கேட்கிறான். என்றோ எய்யப்பட்டு மரத்தில் தங்கியிருந்த அம்பு, அவளது ஆயுள் முடிந்த வேளையில் காற்றால் வீழ்ந்ததாம். அவ்வாறே வாத்திய முழக்கத்தால் மிரண்ட மாட்டைக் கொண்டு அந்த வீட்டு மாப்பிள்ளையின் உயிரைக் கவரப்போவதாகவும் பேசிக்கொள்கிறார்கள், அப்படியே நடக்கிறது. வேடன் விடுதலையாகிறான். கொலைகாரன் என்று ஒருவனும் இல்லை! மர்ம நாவலில் இப்படி முடித்தால் வாசகன் புத்தகத்தை வீசியெறிவான்.

ஏனெனில் நாவல் அவனுக்கு வாக்களிப்பது, ஒவ்வொரு வினைக்கும் ஒரு கர்த்தா உண்டு, வினையின் பயனும் கடைசிப் பக்கத்துக்குள் வந்துசேரும் என்பதைத்தான். கர்மக் கொள்கையோ ஜன்மாந்தரங்கள் வரை காத்திருக்கச் சொல்கிறது. அந்த நெடிய காத்திருப்பில் களைத்த மனம், கணக்கு உடனே தீரும் ஒரு சிறிய உலகத்தில் சில நாழிகை தங்கி வருவதை நான் பாபமென்று சொல்லமாட்டேன். அந்த உலகமே சத்தியமென்று மயங்கினால்தான் தோஷம். சிறந்த கிழ நாயகர்கள் அப்படி மயங்குவதில்லை. 1975-இல் வெளிவந்த தம் கடைசி நாவலில் (இன்னும் படிக்காதவர்கள் க்ஷமிக்க வேண்டும்) கிறிஸ்டியின் மற்றொரு துப்பறிவாளரான ஹெர்க்யூல் பாய்ரோ, சட்டம் தீண்டமுடியாத ஒரு தீயவனைத் தம் கையாலேயே கொன்றுவிட்டு, செய்தது தர்மமா அதர்மமா என்று நிச்சயமில்லாமல், தீர்ப்பை ஈசனிடமே ஒப்படைத்து மடிகிறார்.

கிருத்திகை விரதத்தன்று நாவலைத் தொடுவதில்லை என்று நியமம் வைத்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் எனக்குண்டு. இறுதி அத்தியாயத்தின் வாசலில் நிற்கும்போது கிருத்திகை பிறந்துவிட்டாலும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுநாள்வரை காத்திருக்கிறார். இதையும் விரதத்தோடு சேர்த்துக் கணக்கிடலாமா என்று ஒருநாள் கேட்டார். கணக்கிடலாம் என்றே சொன்னேன்.