மாத்திரை போட்டா பக்தி குறைஞ்சிடுமா?

ஓம் சரவணபவ!

எனக்கு நாள்பட்ட மைக்ரேன். மாசத்துல 15 நாளுக்கு மேல தலைவலி. லேப்டாப் வெளிச்சம் பட்டாலே வாந்தி வரும். "மருதமலையானை நம்பறவனுக்கு மாத்திரை எதுக்குங்க தம்பி?"ன்னு சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டார். குற்ற உணர்ச்சியில ரெண்டு வாரம் மாத்திரையை நிறுத்தினேன். வலிதான் கூடுச்சு.

ஒரு ராத்திரி, விளக்கை அணைச்சுட்டு கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்தேன். நம்ம சென்னிமலையில அரங்கேறிய கவசம். நெற்றி, கண்ணுன்னு ஒவ்வொரு உறுப்பையும் பேர் சொல்லிக் காக்க வேண்டறார் தேவராய சுவாமிகள். அவன்கிட்ட காக்கச் சொல்லிட்டு, நான் காக்காம விட்டா எப்படி?

மறுபடி டாக்டர்கிட்ட போனேன். தடுப்பு மருந்து பலன் தர சில வாரம் ஆகும், வலி மாத்திரையை அடிக்கடி போட்டா அதுவே தலைவலியைக் கூட்டும்னார். வலி வந்த நாளையெல்லாம் டைரியில குறிக்கச் சொன்னார். மூணாம் மாசம் எண்ணினேன்: 19 நாள் 11 ஆகியிருந்தது.

முழுசா போகலை. ஆனா நம்பிக்கைன்னா வலியே வராதுங்கறது இல்லை; வலிச்ச மறுநாளும் மருந்தை விடாம இருக்கறது. அந்த 11 நாளும் அவன் கூடத்தான் இருக்கான்.

மருந்தை நிறுத்திட்டு வேண்டாதீங்க. போட்டுட்டு வேண்டுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!