விட்டிலின் குற்றமா?



கண் என்னும் ஒரு பொறிக்கு அடிமையாகி விட்டில் விளக்கில் வீழ்ந்து மடிகிறது என்பது நம் நூல்கள் எடுத்தாளும் உவமை. நானும் வகுப்பறையில் அதனைப் பல்லாண்டு சொல்லிக்கொடுத்தவள். அவ்வுவமையில் விளக்கேற்றியவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது அந்நாளில் எனக்குத் தோன்றவில்லை.

பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளுக்காகச் சென்ற ஐப்பசியில், கொடுமுடியில் எங்கள் வீட்டு முகப்பில் பேரன் ஓர் ஒளிச்சித்திரம் அமைத்தான். தாமரை ஒன்று இதழ் இதழாக விரிந்து, வெண்மையாகிப் பின் ஒடுங்கும். எல்.இ.டி. விளக்குச் சரத்தை இயக்குவது உள்ளங்கையளவான 'ஆர்டுயினோ' என்னும் கட்டுப்பாட்டுப் பலகை. கலை பயில்வோரும் எளிதிற் கையாள வேண்டுமென்று 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் உருவானது அது. ஒவ்வொரு விளக்கிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒளிப்படிகள். எழுதிவைத்த கட்டளைப்படி பலகை அவற்றை ஏற்றி இறக்குகிறது. கண்ணுக்குத் தெவிட்டாத அழகு, மறுக்கமாட்டேன்.

அன்று மாலை மழை பெய்து ஓய்ந்தது. காவிரிக்கரை ஊரில் ஈசலுக்குக் கேட்கவா வேண்டும்! மறுநாட் காலை துடைப்பத்தில் சிறகுகளும் உடல்களுமாகச் சேர்ந்தன.

"நான் என்ன செய்தேன், பாட்டி? இரவெல்லாம் பலகைதானே இயக்கியது?" என்றான்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில்கள் என்பது நம் அறம். பலகைக்கு மனமில்லை, ஆகவே வினையும் இல்லை. கட்டளை எழுதியவன் செய்வித்தவன். திண்ணையில் அமர்ந்து வியந்த நான் உடன்பட்டவள். தீயில்லா விளக்குத்தானே என்று சமாதானம் சொன்னவளும் நானே.

2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு என்னை உறங்கவிடவில்லை. பூச்சிகள் வானொளிப் பக்கம் முதுகை வைத்தே நிலைபெற்றுப் பறப்பன. விளக்கருகே வந்தால், அதன் பக்கம் முதுகைத் திருப்பித் திருப்பிச் சுழன்று, மீள மாட்டாமற் சிக்குகின்றன என்று அது விளக்குகிறது. அவற்றை வீழ்த்துவது ஆசையன்று எனின், விட்டிலின் தலையில் நாம் ஏற்றிய குற்றம் யாரைச் சேரும்?

விளக்கையே விலக்குக என்பார் உளர். இல்லறத்தாருக்கு அத்துணைக் கடுமை எனக்கு உடன்பாடன்று. ஆனால் கவனமின்மையால் உயிரை வருத்துவதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. நீல ஒளிக்கு மிகுதியாகவும் மஞ்சள் ஒளிக்குக் குறைவாகவும் பூச்சிகள் வரும். அகல் விளக்கில் நிறத்தை மாற்ற இயலாது. பலகையில் ஓர் எண்ணை மாற்றினாற் போதும். அறிந்தபின்னும் மாற்றாதிருந்தால் அது கவனமின்மையன்றி வேறென்ன?

பேரன் நீலத்தை 0 ஆக்கினான். வெண்டாமரை மஞ்சளாயிற்று, அவனுக்கு வருத்தந்தான். இரவு எட்டு மணிக்கு அணையவும் எழுதினான். மழை பெய்ததைப் பலகை எங்ஙனம் அறியும் என்று கேட்டேன். அதற்கும் ஒரு கருவி உண்டாம். அதை வாங்கும் வரை, மாலைதோறும் வாசலுக்குச் சென்று நானே வானத்தைப் பார்த்துவருகிறேன்.